மாமா தோற்றுப்போன ஏப்ரல்

ஏப்ரல் ஒன்றாம் தேதி யார் எதைச் சொன்னாலும் நம்பக்கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. கற்றுக்கொடுத்த விதம்தான் கொஞ்சம் மோசம். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, வைகைக் கரையில் சர்க்கஸ் யானையைக் குளிப்பாட்டுகிறார்கள், வாழைப்பழம் கொண்டுபோனால் தும்பிக்கையால் வாங்கித் தின்னும் என்றார். நான் தெருப் பிள்ளைகளையெல்லாம் திரட்டிக்கொண்டு, சாமிக்கு வாங்கி வைத்திருந்த பழச்சீப்பையும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். அங்கே இரண்டு கழுதைகள் நின்றன. பழத்தை அவை வாங்கித் தின்றன, அதை மறுக்க முடியாது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மாமா வாசலில் காத்திருந்து, என் முதுகில் உருளைக்கிழங்கு முத்திரையை ஒரு குத்துக் குத்தினார். நான் தெருவே கேட்கும்படி அழுதேன். அடுத்த வருசம் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கெல்லாம் ஏப்ரல் ஃபூல் என்றால் செல்போனில் எதையாவது அனுப்பிவிட்டுச் சிரிப்பதோடு சரி. அப்போது அது கையும் சட்டையும் கறையாகிற வேலை. நல்ல உருளைக்கிழங்காகப் பார்த்து இரண்டாக அரிந்து, வெட்டிய பக்கத்தில் பிளேடால் ஏ, எஃப் என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஏ எப்படிச் செதுக்கினாலும் ஏதான். எஃப்தான் காலை வாரிவிடும். அப்புறம் இங்க்கில் தோய்த்து, ஆள் அசந்த நேரம் பார்த்து முதுகில் ஒரு குத்து. கிழங்கு கிடைக்காதவர்கள் தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் செதுக்குவார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் பேனாவைத் திறந்து உதறிவிட்டு ஓடிவிடுவார்கள். அன்றைக்குச் செல்லூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் நீலமோ சிவப்போ தெறிக்காத சட்டையைப் பார்ப்பது கஷ்டம். அம்மாக்களெல்லாம் காலையிலேயே பிள்ளைகளுக்குப் பழைய யூனிஃபார்மை எடுத்து மாட்டிவிடுவார்கள்.

இந்தக் கூத்து எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். எதைக் கேட்டாலும் பேப்பரில் படித்ததிலிருந்து பதில் சொல்வார். வெளிநாட்டில் எங்கோ ஒரு ராஜா, ஏப்ரலில் வந்துகொண்டிருந்த வருசப் பிறப்பை ஜனவரிக்கு மாற்றிவிட்டாராம். சேதி போய்ச் சேராதவர்களும், சேர்ந்தும் கேட்காதவர்களும் பழையபடி ஏப்ரலிலேயே கொண்டாடினார்களாம். அவர்களைக் கேலி செய்யத்தான் இந்த நாள் வந்ததாம். நிச்சயமாகத் தெரியாது, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றும் அப்பா சேர்த்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து, "அப்ப சித்திரை ஒண்ணுக்குப் பாயாசம் வச்சுக் கும்புடுற நாமெல்லாம் யாராம்?" என்றாள். அப்பா பேப்பரைப் புரட்டினார். மாமாதான், "நம்மள ஒருநாள்ல அடக்க முடியாதுக்கா, வருசம் பூரா நம்ம நாளுதான்" என்றார்.

மாமா எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, தெருக்கோடியிலிருந்த விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தார். ஏப்ரல் ஒன்று அவருக்குப் பொங்கல் தீபாவளியைவிடப் பெரிது. அதற்கென்று இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, ஏமாற்றியவன் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மணி அடித்த பிறகும் சொல்லாவிட்டால் அவனே ஃபூல், முத்திரை அவன் முதுகில். இரண்டாவது, என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் மீனாட்சி மேல் சத்தியம் செய்யக்கூடாது. அம்மா எத்தனையோ முறை மடக்கிப் பார்த்திருக்கிறாள். "எங்க, மீனாச்சி சத்தியமாச் சொல்லு பாப்போம்" என்றால் மாமா உடனே இளித்துவிடுவார்.

நான் கழுதைக்குப் பழம் கொடுத்த அதே வருசம், அம்மாவின் நாத்தனார் குடும்பத்தோடு ஊரிலிருந்து வருகிறார் என்று சொல்லி அம்மாவைப் பத்துப் பேருக்குச் சாம்பார் வைக்கவிட்டார். சத்தியம் கேட்க அன்று அவளுக்கு நேரமிருக்கவில்லை. அதோடு நிற்காமல் கொட்டகைக்குப் போய், இன்றைக்குப் பொழுதுக்கும் கரண்டு கிடையாதாம் என்று கிளப்பிவிட்டார். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். முதலாளி வந்து கத்திய கத்தலில் மாமாவுக்கு வேலை தப்பியதே பெரிய விசயம். அடுத்த வருசம் நீ எதைச் சொன்னாலும் காதில் வாங்கமாட்டோமடா என்று கொட்டகையே அவரிடம் சொல்லிவைத்திருந்தது.

அடுத்த வருசமும் வந்தது. நான் கறுவியது போலவே தயாராக இருந்தேன். முதல் நாள் சாயங்காலமே கிழங்கு செதுக்கி, எஃப்பைச் சரியாகத் திருப்பி, ஈரத்துணியில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து அப்பாவே முதுகைக் காட்டாமல் சுவரோரமாக நடந்து சிரித்தார். அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற சமயம், சீக்கிரம் போக வேண்டும் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நடந்ததை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பா கோரிப்பாளையம் தாண்டவில்லை. அங்கே முக்கில் ஒரு லாரி மொபெட்டைத் தட்டிவிட்டது. தலையில் அடி, தொடையில் பெரிய கிழிசல், ரோட்டில் கிடந்தார். தறிக்கு ஏதோ சாமான் வாங்க அந்தப் பக்கம் போயிருந்த மாமா, கூட்டத்தைப் பார்த்து எட்டிப்பார்த்து, கீழே கிடப்பது தன் மச்சான் என்று தெரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அங்கே பழக்கடை வைத்திருந்த ஒரு பாய்தான் அவரை உலுக்கி எழுப்பி, இரண்டு பேருமாக அப்பாவை ஆட்டோவில் போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ரத்தம் கொடுக்க ஆளைக் கூட்டி வா, எவ்வளவு சீக்கிரம் வருகிறார்களோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பின்னால் நான் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, தலை வாரிவிட்டுக்கொண்டே அம்மா சொன்னது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு கதை.

எனக்குத் தெரிந்த கதை இப்படி. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் யூனிஃபார்மோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்ன மாப்ள, உனக்கே பூசிவிட்டாய்ங்களா? எம்புட்டு இங்க்குடா!" என்று யாரோ கத்தினார்கள். மாமா உள்ளே வந்தார். சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. நான் ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டேன். சிவப்பு இங்க், அதுவும் ஒரு பாட்டில் முழுக்க. இந்த வருசம் பெரிதாகத்தான் ஏதோ திட்டம் போட்டிருக்கிறார்.

"அக்கா, மச்சானை லாரி இடிச்சிருச்சுக்கா."

அம்மா தோசைக் கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள். "போடா அங்கிட்டு. போன வருசம் சாம்பார் வச்சது பத்தாதா? எதுல விளையாடுறதுன்னு ஒரு கணக்கு வேணாம்?"

"அக்கா, ரத்தம் வேணுங்கறாக. கொட்டகையில போய்க் கேட்டேன், அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாய்ங்க. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்க்கா." அப்புறம் மாமா சொன்னார்: "மீனாச்சி சத்தியமாக்கா."

கரண்டி கீழே விழுந்தது. நான் கை தட்டினேன்.

"ஏப்ரல் ஃபூல்! மாமா, நான் ஏமாற மாட்டேனே! அது சிவப்பு இங்க்குதானே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை இன்றும் நினைவிருக்கிறது. வசமாகப் பிடித்துவிட்டோம், அதனால்தான் முழிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. மாமாவின் வாய் ஒருபக்கமாகக் கோணியது.

"கண்டுபிடிச்சிட்டாளேக்கா உம் மக" என்றார். "மருமகளே, இந்த வருசம் உன்ன ஏமாத்த முடியாது போலயே."

"பன்னெண்டு மணிக்குள்ள ஒத்துக்கணும். இல்லாட்டி நீங்கதான் ஃபூல்."

"ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன்" என்றார்.

அம்மா அடுப்பை அணைக்கவில்லை, செருப்புப் போடவில்லை. தோசை கருகும் வாடையோடு வாசல் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் மட்டம் போட்டாலே சாமியாடுகிற அம்மா, இன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லவே இல்லை. மாமாவோடு சேர்ந்து நடிக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அவள் இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

அம்மா போனது தறிக் கொட்டகைக்கு. வீட்டுப் பெண்கள் அதை எட்டிப்பார்ப்பதே கிடையாது. உள்ளே தறிகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அம்மா வாசலில் நின்று ஏதோ சொன்னாள். ஒருவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னக்கா, உங்களையும் கூட்டுச் சேத்துக்கிட்டானா?" என்று சிரித்தார். பின்னால் நின்ற மாமாவைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அம்மா மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. அவள் நேராக உள்ளே போனாள். சுவரில் இருந்த மெயின் சுவிட்ச் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

தறிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. பிறந்ததிலிருந்து நான் அந்தக் கொட்டகையின் சத்தம் இல்லாமல் ஒரு பகலைக் கேட்டதில்லை. எங்கோ ஒரு காக்கை கத்தியது.

"எம் புருசனுக்கு ரத்தம் வேணும்" என்றாள் அம்மா. "யாரு வாரீக?"

மேஸ்திரி தாத்தா ஒருவர் இருந்தார், எப்போதும் என்னைக் கண்டால் மீசையை முறுக்கிப் பயமுறுத்துபவர். அவர் மாமாவின் சட்டையைப் பார்த்தார், அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, "நட தாயி" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சட்டை போட்டுக்கொண்டே சைக்கிளை எடுக்கிறவர் ஒருபக்கம், பக்கத்துக் கொட்டகைக்குள் புகுந்து ஆள் கூப்பிடுகிறவர் ஒருபக்கம். "எந்த குரூப்பா இருந்தாலும் வாங்கடா, அங்க போயிப் பாத்துக்கலாம்" என்று கத்தினார்கள். அடுத்த கொட்டகைத் தறிகளும் நின்றன.

நான் மலைத்துப்போய் நின்றேன். என் ஒருத்தியை ஏமாற்றுவதற்காக ஒரு தெருவே வேலையை நிறுத்திவிட்டது! இப்படி ஒரு ஏப்ரல் ஃபூலை எந்த ஊரிலும் யாரும் செய்திருக்க முடியாது. மாமாவின் மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்தது. ஆனாலும் ஏமாறுவதாக இல்லை. ஆட்டோவில் ஏறிய அம்மாவைப் பார்த்து, "எனக்குத் தெரியும்மா!" என்று கையாட்டினேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கித் திருப்பி ஆட்டினாள்.

என்னை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சொந்தமில்லை, தெருவில் எல்லோருக்கும் அவர் அத்தை. கறாரான மனுசி, பந்து அவர் வாசலில் விழுந்தால் பந்து அவருடையது. அன்றைக்கு அவர் பிடித்துவைத்திருந்த பந்துகளையெல்லாம் எடுத்து என்னிடம் கொடுத்தார். அப்பளம் பொரித்துத் தந்தார். திடீர் திடீரென்று சாமி படத்தின் முன்னால் போய் நின்றார். நான் சாப்பிட்டுக்கொண்டே, "நீங்களும் கூட்டா அத்தை?" என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவி, "ஆமாடி, நானும் கூட்டுத்தான்" என்றார்.

"மணி பன்னெண்டு ஆயிருச்சா?" என்று கேட்டுக் கேட்டு அவரை அரித்து எடுத்துவிட்டேன். ஒருவழியாகப் பன்னிரண்டு அடித்தது. மாமா வரவில்லை. நான் தெருவுக்குப் பாய்ந்தேன். "மாமா தோத்துட்டாரு! மாமாதான் ஃபூல்!" என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக் கத்தினேன். வாசலில் கூடிக்கூடி நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால், "ஏய், வெயில்ல என்னடி ஆட்டம்" என்று நாலு பேராவது அதட்டியிருப்பார்கள். அன்று வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து நான் இன்னும் உற்சாகமாக ஆடினேன்.

இதில் என் தப்பு ஒன்றுமில்லை. அந்த நாளின் மேல் நான் வைத்த நம்பிக்கை அப்படி. சொல்லப்போனால், மற்ற நாட்களில் நான் எதையும் நம்புகிற பிள்ளை. அப்பா அவசர வேலையாகத் திருவாதவூருக்குச் சொந்தக்காரர் வயலைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று மறுநாள் சொன்னார்கள், நம்பினேன். சில வாரம் கழித்து அவர் மொட்டைத் தலையும் கட்டுமாக, கம்பை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, அங்கே வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள், அதையும் நம்பினேன். வரப்பில் நடக்கத் தெரியவில்லையே என்று அப்பாவைக் கேலிகூடச் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "டவுன்காரன்தானம்மா நானு" என்றார். ஏப்ரல் ஒன்றையும் அந்தக் கட்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

பிரசவத்துக்கு வந்திருந்தபோது அம்மா சொல்லி முடித்ததும் நான் முதலில் கேட்டது, அந்த ஆட்டோவிலிருந்து எனக்கு எப்படிக் கையாட்டினாய் என்றுதான். "வேற என்னடி பண்ணச் சொல்ற? நீ ஒருத்திதான் அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டு இருந்த. அது அப்பிடியே இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள். எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கடை பாயும் படுத்துக் கொடுத்தார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. கொட்டகையில் அந்த நாலு பேர் அன்றைக்குச் சிரித்ததற்காக வெகுநாள் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லையாம். மாமாவும் அதற்கப்புறம் ஏப்ரல் ஒன்றில் யாரையும் ஏமாற்றவில்லை. வருசா வருசம் அன்றைக்கு வந்து, என் மகளிடம் முதுகைக் காட்டி நின்று ஏமாந்துவிட்டுப் போகிறார். இந்த வருசமும் வந்தார்.

அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் மாமா வந்தபோது நான் எதிர்வீட்டு வாசலில், கிழங்கை இங்க்கில் தோய்த்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். வெயிலில் கிழங்கின் ஓரம் சுருங்கியிருந்தது, எழுத்து மட்டும் நன்றாக இருந்தது. மாமா காலையில் போட்டிருந்த சட்டையில் இல்லை. பாய் கொடுத்த வெள்ளைச் சட்டை, முழங்காலை எட்டும் அளவுக்குப் பெரிது. குத்துவதற்கென்றே வெளுத்தது போல அவ்வளவு வெள்ளை.

எதிர்வீட்டு அத்தை எழுந்து நின்றார்.

"கண்ணு முழிச்சுட்டாருத்தே" என்றார் மாமா. "பொழச்சுக்கிட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பேசிட்டாரு. 'பாப்பா பள்ளிக்கூடம் போச்சா'ன்னு கேட்டாருத்தே."

அத்தை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். "எங்க ஆத்தா மீனாச்சி" என்றார். அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. நாடகம் இன்னுமா முடியவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மாமா, மணி பன்னெண்டு எப்பவோ அடிச்சிருச்சு! நீங்க ஒத்துக்கவே இல்ல!"

மாமா என்னைப் பார்த்தார். காலையில் கோணிய அதே வாய் இப்போது நேரானது.

"ஆமா மருமகளே" என்றார். "நாந்தான் ஃபூலு."

"திரும்புங்க."

திரும்பினார். எனக்கு எட்டவில்லை. மண்ணில் மண்டி போட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி முதுகைக் காட்டினார். "குத்து. நல்லா அழுத்திக் குத்து தாயி" என்றார். நான் கிழங்கை வைத்து, இரண்டு கையாலும், என் முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் ஏயும் எஃப்பும் பளிச்சென்று விழுந்திருந்தன. எஃப் சரியாகத் திரும்பியிருந்தது.

மாமா எழுந்திருக்கவில்லை. அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.